கோபால்ட்: தோணியா, வரப்பா?

வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "போன பேச்சில் கோபால்ட் அயனியை ஒரு இடத்தில் வினையூக்கி என்றீர்கள், இன்னொரு இடத்தில் மீடியேட்டர் என்றீர்கள். இரண்டும் ஒன்றா? அது தீர்ந்துபோகாதா?" இரண்டு நாளாக இதே நினைப்புதான். நான் அவசரமாகத் தாண்டிப்போன இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

மீடியேட்டர் என்பது எலக்ட்ரானைக் கரை கடத்துகிற தோணி. 1843-இல் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கும்வரை பாளையங்கோட்டையிலிருந்து நெல்லைக்குப் போகத் தாமிரபரணியைத் தோணியில்தான் கடந்தார்கள். ஆள் இறங்கியதும் தோணி திரும்பி வரும். கோபால்ட்டும் அப்படித்தான். இரண்டு நேர்மின்னூட்டம் உள்ள அயனி நேர்மின்வாயில் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு மூன்றாகிறது. கரைசலுக்குள் போய்க் கரிமக் கழிவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு, பழையபடி இரண்டாகித் திரும்புகிறது. நைட்ரிக் அமிலத்தில் வைத்துக் கழிவைச் சிதைப்பது இந்த முறையில்தான். தோணி தீராது, தங்கச்சி.

ஆனால் அந்த மூன்றுக்குப் பசி அதிகம். அதன் மின்னழுத்தம் சுமார் 1.9 வோல்ட். தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வர, அமிலத்தில் 1.23 வோல்ட் போதும். அதனால் கழிவைத் தேடிப் போகிற வழியில் தண்ணீரிடமே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அங்கே அது நஷ்டம்.

சரி, நமக்கு வேண்டியதே அந்த ஆக்சிஜன் என்றால்? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை! 2008-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் மேத்யூ கானனும் டேனியல் நோசெராவும் அமிலமும் காரமும் இல்லாத, பாஸ்பேட் கலந்த தண்ணீரில் கோபால்ட் உப்பைப் போட்டு மின்சாரம் செலுத்தினார்கள். மின்வாயில் கோபால்ட் தானாகவே ஒரு படலமாகப் படிந்தது. படலத்திலிருந்து ஆக்சிஜன் குமிழ் கிளம்பியது. இங்கே கோபால்ட் அலையவில்லை. தண்ணீர்தான் அதைத் தேடி வருகிறது. அதனால் இது வினையூக்கி.

எனக்கு இதில் பிடித்தது, முன்பும் சொல்லியிருக்கிறேன், வரப்பு. நடவுக்கு முன்னால் நம் வயலில் என்ன செய்கிறோம்? தண்ணீரில் கரைந்து இறங்கிய சேற்றையே அள்ளி வரப்பில் பூசுகிறோம். வெளியிலிருந்து மண் கொண்டுவருவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் படலமும் மெல்லக் கரையும். மறுபடி கொடுத்தால், கரைந்த கோபால்ட்டே திரும்ப வந்து படியும். அப்படிப் பூசிக்கொடுக்கிற கை பாஸ்பேட். அதை எடுத்துவிட்டால் கரைந்தது கரைந்ததுதான்.

அப்புறம் ஒன்று: கோபால்ட் உப்பு நச்சு. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் செய்தாலும் மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அந்தச் சாக்கடை ஆற்றுக்குத்தான் போகிறது.