சாவியைக் கொடுக்கும் முன்

பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை எனப் பல இடங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

வடசென்னை மாறிக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. துறைமுகத்தின் தூசியையும் எண்ணூர்ப் புகையையும் சுமந்துகொண்டு நெடுங்காலம் காத்திருந்த பகுதி இது. வசதி வரட்டும், வரவேண்டும். ஆனால் அந்த வசதி வந்து சேரும் நாளில், அதற்காகக் காத்திருந்தவர்கள் இங்கே குடியிருக்க வேண்டும். இருப்பார்களா என்பது கட்டடம் எழும்பும்போது முடிவாவதில்லை. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காகப் பழைய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கிறோமே, அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதுவரை எழுதி வாங்கியது உரிமை. அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் மனு.

முதலில், நம் மனைகளை பில்டர்கள் ஏன் இப்போது தேடி வருகிறார்கள் என்று பார்ப்போம். காரணம் எஃப்.எஸ்.ஐ. ஒரு மனையில் மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதற்கான கணக்கு அது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல் 2 மடங்கு கட்டலாம். 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயர்மாடிக் கட்டடம் என்றால், சாலை 18 மீட்டர் அகலம் இருக்கும் இடத்தில், 3.25 மடங்கு வரை போகலாம். 12 மீட்டர் அகலம்கூட இல்லாத தெருவில் உயர்மாடிக் கட்டடத்துக்கு அனுமதியே கிடையாது. நம் உள்தெருக்களில் எத்தனை தெரு 12 மீட்டர் இருக்கும்? அதனால்தான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தொட்டபடி இருக்கும் மனையை முதலில் வாங்கி, பிறகு அதன் பின்னால் இருக்கும் சிறு மனைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டின் விலை உங்கள் தெருவில் இல்லை, முன்னால் இருக்கும் சாலையில் இருக்கிறது. இது தெரியாமல் உள்தெரு விலைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது அடுக்குமாடி உரிமையாளர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 3 கிரவுண்டு மனை, அதாவது 7,200 சதுர அடி. அதில் 500 சதுர அடியில் 12 பழைய வீடுகள். இப்போது ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு, யு.டி.எஸ். என்கிறோமே அது, 600 சதுர அடி. பில்டர் வருகிறார். 2 மடங்கு கணக்கில் 14,400 சதுர அடி கட்டி, பாதிக்குப் பாதி என்கிறார். உங்களுக்கு 600 சதுர அடியில் புது வீடு. 100 சதுர அடி கூடுதலாகக் கிடைத்ததே என்று மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் நிலத்தின் பாதி புதிதாக வாங்குபவர்களுக்குப் போய்விடுகிறது, உங்கள் யு.டி.எஸ். 300 ஆகிவிடுகிறது. அந்த 600 சதுர அடியும் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்த்த பரப்பா, காலால் நடக்கும் கார்ப்பெட் பரப்பா என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், புது வீடு பழைய வீட்டைவிடச் சின்னதாகவும் அமையக்கூடும். வீட்டின் வயது ஏற ஏற அதன் மதிப்பு இறங்கும். கையில் மிஞ்சுவது நிலப் பங்குதான். பேரத்தை அதில் தொடங்குங்கள்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்தபிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். 12 வீடுகளில் 8 பேர் போதும். முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலே வேலை நின்றுவிடும், இடிந்து விழும் நிலையில் இருந்த கட்டடங்களும் அதனால் அப்படியே கிடந்தன. ஆகவே இந்தச் சட்டம் தேவையானதுதான். ஆனால் மீதி 4 பேரில் தனியாக வாழும் மூதாட்டி இருப்பார், வாரிசுச் சிக்கலில் இருக்கும் குடும்பம் இருக்கும். அவர்களுக்கும் அதே பரப்பு, அதே வாடகை ஈடு என்று எட்டுப் பேரும் சேர்ந்து எழுதி வைத்துவிட்டுத்தான் சம்மதம் கொடுக்க வேண்டும்.

பில்டருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். முழு மனைக்கும் பொது அதிகாரம் கொடுத்துவிட்டால், உங்கள் பங்கையும் வங்கியில் அடமானம் வைக்க வழி பிறக்கும். அனுமதி வாங்க, கட்ட, அவர் பங்கை மட்டும் விற்க என்று அளவோடு கொடுங்கள். கட்டி முடிக்கும் வரை மாத வாடகை யார் தருவது, கெடு தாண்டினால் மாதத்துக்கு எவ்வளவு, நடுவில் விட்டுப்போனால் எடுத்துக்கொள்ள வங்கி உத்தரவாதம் எவ்வளவு, இவை மூன்றும் தொகையோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன மனை 500 சதுர மீட்டரைத் தாண்டியது, வீடுகளும் எட்டுக்கு மேல். ஆகவே பில்டர் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால், வீடு வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கும், அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவாகும். கட்டட அமைப்பில் குறை இருந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு அவர்தான் பொறுப்பு.

இப்போது நம்மில் பெரும்பாலோருடைய விஷயத்துக்கு வருகிறேன். போர்டு வீடு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று சொல்லி, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். அந்தப் பாதை 2000-க்குப் பிறகு மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பின. காசிமேட்டில் மீன் ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாக்கத்தில் இருக்கும் ஒரு பெண் எந்தப் பஸ் பிடித்து அங்கே வந்து நிற்பார்? வீடு கிடைத்தது, பிழைப்பு போயிற்று. எனவே இடித்த இடத்திலேயே கட்டுவது என்ற கொள்கையை நாம் விடவே கூடாது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அதே வாரியம், இப்போது பழைய பிளாக்குகளை இடித்து அதே இடத்தில் கட்டுகிறது. நல்லது. ஆனால் கட்டும் காலத்தில் எங்கே இருப்பது?

காலி செய்யும் குடும்பத்துக்குக் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாய், பிறகு 24,000 ஆனது. 18 மாதத்தில் வீடு திரும்பக் கிடைத்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். 36 மாதமானால் 666. இந்தப் பணத்துக்கு புளியந்தோப்பிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒற்றை அறைகூடக் கிடைக்காது. அதோடு, சில நூறு குடும்பங்கள் ஒரே மாதத்தில் வாடகைக்கு வீடு தேடினால் சுற்றுவட்டாரத்தில் வாடகையும் அட்வான்ஸும் ஏறிவிடும். ஆகவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தொகையை மொத்தமாக இல்லாமல், சாவி திரும்பக் கைக்கு வரும் வரை மாதாமாதம் கொடுக்க வேண்டும். எல்லா பிளாக்கையும் ஒரே நேரத்தில் காலி செய்யாமல், பகுதி பகுதியாக இடித்துக் கட்ட வேண்டும்.

பெயர்ப் பட்டியல் இதைவிட முக்கியம். ஒதுக்கீட்டு ஆணை தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகியிருப்பார். இன்னொரு வீட்டை நோட்டரி பத்திரத்தில் கைமாற்றி வாங்கியிருப்பார்கள். மூன்றாவது வீட்டில் அண்ணன், தம்பி, அக்கா என்று மூன்று குடும்பம் இருக்கும். கணக்கெடுப்பில் அது ஒரு வீடுதான். ஆகவே இடிப்பு என்ற பேச்சு வந்ததுமே வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெற்று வையுங்கள். தவணை கட்டிய ரசீதுகளைத் தொலைத்துவிடாதீர்கள். பட்டியலை பிளாக் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். ஆட்சேபம் இருந்தால் காலி செய்வதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. லீசுக்கு இருப்பவர்களும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. நடைமுறையில் பத்து மாதம் வாங்குகிறார்கள், பதிவும் செய்வதில்லை. மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யச் சொன்னால், திரும்ப வரும் உரிமை தானாகக் கிடைக்காது. எழுதி வாங்கினால் உண்டு. கோயில் மனையில் அடிமனை வாடகை கட்டி, மேல்கட்டடம் மட்டும் சொந்தமாக வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1921-ஆம் ஆண்டின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அடிமனையை விலைக்கு வாங்கும் உரிமையைத் தந்தது. அறநிலைய மனைகளுக்கு அந்த உரிமை 1996 திருத்தத்தில் போய்விட்டது. அடிமனை வாடகையை நிலுவை இல்லாமல் கட்டி ரசீது வைத்திருப்பதுதான் இப்போது இருக்கும் பிடி.

கட்டடத் தரம் பற்றி. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து விழுந்தது. முப்பது ஆண்டுகூட ஆகாத கட்டடம். விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவின் புதுக் கட்டடத்தில் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததையும் ஊரே பார்த்தது. கடற்கரைக் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கி மேலிருக்கும் கான்கிரீட்டை உரித்துத் தள்ளும். அதனால்தான் கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதி, கடற்கரைச் சூழலுக்குக் குறைந்தது எம்-30 என்ற வலுவுள்ள கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனமும், கேட்கிறது. கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதற்கு முன் அந்த இடைவெளியைக் காக்கும் ‘கவர் பிளாக்’ கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று குடியிருப்போர் சார்பில் இருவர் போய்ப் பாருங்கள். போட்ட பிறகு அதைப் பார்க்க வழியில்லை.

ஒப்படைக்கும் அன்று அவசரப்படாதீர்கள். சுவரை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை. குளியலறையின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தி, கீழ் வீட்டின் கூரையைப் பாருங்கள். லிஃப்டையும் மோட்டாரையும் எத்தனை ஆண்டு யார் பராமரிப்பது என்பதை எழுத்தில் கேளுங்கள். நான்கு மாடிக்குப் படி ஏறியவர்களுக்கு மாதப் பராமரிப்புச் செலவு என்ற ஒன்று புதிதாக வரும். அதைக் கட்ட முடியாமல் வீட்டை உள்வாடகைக்கு விட்டு வெளியேறுகிறவர்கள் உண்டு. குறைகளை வீட்டு எண் போட்டு இரண்டு பிரதியாக எழுதுங்கள், ஒன்றில் பொறியாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பெற்றுக்கொண்டோம் என்று நீங்கள் கையெழுத்திடுவது அதற்குப் பிறகுதான்.