ட்ரம்ஸ்காரருக்கு எதுக்குப் பங்கு?

தலைப்பு: சின்ன ஊரில் பிறந்த ராக் குழுவை உச்சிக்குக் கொண்டுபோவது தனித்திறமையா, ஒற்றுமையா? "ஒற்றுமையே" அணியின் கடைசிப் பேச்சு.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்க அணித்தலைவி அவர்களே, எட்டு மணிக்குச் சாப்பாடுன்னு விழாக்குழு சொன்னதை நம்பி இன்னும் உட்கார்ந்திருக்கிற அருமையான சபையே, வணக்கம். வணக்கம் முடிஞ்சுது, விஷயத்துக்கு வந்துடறேன்.

நான் ஒழுங்கா தயார் பண்ணி, சீட்டுல எழுதிக்கிட்டுத்தாங்க வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டாரு. எங்க தலைவி ஆர்.இ.எம்.ங்கிற அமெரிக்க ராக் குழுவைப் பத்திச் சொன்னாங்க இல்லையா, நாலு பேரும் எல்லாத்தையும் சமமாப் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு? அதுக்குத் தம்பி என்ன கேட்டாரு? "பாடறவன் தொண்டை கிழியப் பாடறான். கிடார்காரன் விரல் தேய வாசிக்கிறான். பின்னாடி உட்கார்ந்து டமடமன்னு தட்டறவருக்கு எதுக்குய்யா கால் பங்கு? தட்டறதுக்கா, இல்ல மத்தவங்களுக்குக் காபித்தட்டு ஏந்தறதுக்கா?" அப்படின்னாரு.

நீங்களும் கைதட்டுனீங்க, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். முதல் வரிசையில வெள்ளைச் சட்டை போட்ட ஐயா, நீங்க தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சீங்க. ஐயா, நீங்க வாசிச்சதே ட்ரம்ஸ்தாங்கய்யா!

சரி, சீட்டு போகட்டும். எனக்குக் கொடுத்த நேரம் முழுக்க இனி அந்த ட்ரம்ஸ்காரருக்குத்தான். அவர் பேரு பில் பெர்ரி.

முதல்ல குழு பிறந்த ஊர், ஏதென்ஸ். ஏதென்ஸ்னா கிரீஸ் நாட்டு ஏதென்ஸ் இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல, அட்லாண்டாவுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். 1785-ல தொடங்கின ஒரு பல்கலைக்கழகம், அதை நம்பி ஒரு ஊர். பரீட்சை லீவு விட்டா ஊரே காலி. அங்க ஒரு இசைத்தட்டுக் கடையில பீட்டர் பக்னு ஒருத்தர் வேலை பார்த்தாரு. நல்ல தட்டு வந்தா தனக்குன்னு எடுத்து ஓரமா வைப்பாரு. மைக்கேல் ஸ்டைப்னு ஒரு மாணவர் வந்து கரெக்டா அந்தத் தட்டையே எடுத்துக் காசு கொடுத்துட்டுப் போயிடுவாரு. வேற யாராவது இருந்தா சண்டை வந்திருக்கும். இவங்களுக்குள்ள சிநேகம் வந்துச்சு. பக் கிடார், ஸ்டைப் பாட்டு. இது பாதிக் குழு.

மிச்சப் பாதிதாங்க கதை. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். நடுவர் ஐயா, மணி மேல இருந்து கையை எடுங்க.

அதே ஜார்ஜியாவுல மேகன்னு ஒரு ஊர். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டு பசங்க. ஒருத்தன் மைக் மில்ஸ். நல்லாப் படிப்பான், வாத்தியார் சொன்னா கேட்பான். இன்னொருத்தன் நம்ம பில் பெர்ரி. வாத்தியார் சொன்னதைத் தவிர மத்ததெல்லாம் கேட்பான். ஒருத்தனைக் கண்டா இன்னொருத்தனுக்கு ஆகாது. வெறும் முறைப்பு இல்லீங்க, சுத்தமாப் பிடிக்காது. இதை அவங்களே பின்னாடி பேட்டியில சொல்லியிருக்காங்க.

ஒரு நாள் சும்மா கூடி வாசிச்சுப் பார்க்கலாம்னு பெர்ரியை ஒரு இடத்துக்குக் கூப்பிடறாங்க. இவனும் போறான். ட்ரம்ஸ் வாசிக்கிறவன் எப்படிப் போவான்? கிடார்காரன் மாதிரி தோள்ல ஒரு பையை மாட்டிக்கிட்டுப் போக முடியுமா? பாடறவன் மாதிரி கையை வீசிக்கிட்டுப் போக முடியுமா? பெரிய ட்ரம்மைத் தூக்கணும். சின்ன ட்ரம்மைத் தூக்கணும். சிம்பல், அதுக்கு ஸ்டாண்டு, காலால அமுக்குற பெடல், உட்கார ஒரு முக்காலி. எல்லாத்தையும் இறக்கி, ஒவ்வொண்ணா நிறுத்தி, திருகி, ஆடுதா பார்த்து, மறுபடி திருகி, வேர்த்து விறுவிறுத்து அப்பாடான்னு முக்காலியில உட்கார்றான். கதவு திறக்குது. பேஸ் கிடாரோட உள்ள வர்றது யாரு?

மைக் மில்ஸ்!

இந்தாளோடயா வாசிக்கணும்? பெர்ரிக்கு எழுந்து போயிடலாம்னு இருக்கு. போயிருப்பான். நூத்துக்கு நூறு போயிருப்பான். ஆனா ட்ரம்ஸை மாட்டி முடிச்சாச்சே! எல்லாத்தையும் திரும்பக் கழட்டி மூட்டை கட்டணுமே! அந்தச் சோம்பல்ல உட்கார்ந்துட்டான். வேற வழியில்லாம வாசிச்சான். வாசிச்சு முடிக்கிறப்ப ரெண்டு பேரும் சிநேகிதங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாவே ஏதென்ஸுக்குப் படிக்க வந்து, பக்கையும் ஸ்டைப்பையும் பார்க்கிறாங்க.

பின்வரிசையில இப்பத்தான் வந்து உட்கார்ந்தவங்களுக்காக ஒரு தடவை சுருக்கமாச் சொல்லிடறேன்: ட்ரம்ஸ் மாட்டியாச்சு, பகையாளி வந்துட்டான், கழட்ட அலுப்பு, குழு பிறந்துச்சு. தம்பி, அன்னைக்கு அந்த ஆள் கையில ஒரு புல்லாங்குழல் இருந்திருந்தா இடுப்புல செருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு. ஆர்.இ.எம். இருந்திருக்காது, உங்களுக்கும் இன்னைக்குக் கிண்டல் பண்ண ஆள் கிடைச்சிருக்காது!

1980 ஏப்ரல் 5. ஏதென்ஸ்ல வழிபாடு நின்னுபோன ஒரு பழைய சர்ச். அதுக்குள்ளதான் பக்கும் ஸ்டைப்பும் வாடகைக்குக் குடியிருந்தாங்க. ஒரு தோழியோட பிறந்தநாள் விழாவுல, அங்கதான் நாலு பேரும் முதன்முதலா மேடையேறினாங்க. அப்புறம் வேன்ல ஏறி ஊர் ஊரா வாசிச்சது, 1983-ல முதல் ஆல்பம், மைக்கேல் ஜாக்சனோட ஆல்பம் உலகத்தையே ஆட்டிக்கிட்டிருந்த அதே வருஷத்துல ரோலிங் ஸ்டோன் பத்திரிகையோட விமர்சகர்கள் இந்தப் பசங்க ஆல்பத்தை முதலிடத்துல வச்சது, இதெல்லாம் எங்க தலைவி சொல்லிட்டாங்க. நான் ட்ரம்ஸ்காரர்கிட்டத் திரும்பறேன்.

எதிரணி அக்கா ஒருத்தங்க ஆரம்பத்துல மாண்டலினைப் பத்தி அழகாப் பேசினாங்க. 1991-ல வந்து உலகம் பூரா ஒலிச்ச அந்தப் பாட்டு, லூசிங் மை ரிலிஜன். "அது பீட்டர் பக்கோட திறமை இல்லையா?" அப்படின்னு கேட்டாங்க. அக்கா, அந்த மாண்டலினை அவர் அப்பத்தான் வாங்கியிருந்தாரு. கத்துக்கிட்டிருந்தாரு. டி.வி. பார்த்துக்கிட்டே பழகினதை டேப்புல பதிவு பண்ணி வச்சாரு. அப்புறம் கேட்டுப் பார்த்தா நடுவுல ஒரு துண்டு நல்லா இருந்துச்சு. கத்துக்குட்டி வாசிச்சதுங்க அது! மத்த மூணு பேரும் "முதல்ல ஒழுங்காக் கத்துக்கிட்டு வாய்யா"ன்னு சொல்லல. வாங்கி, ஆளுக்கு ஒரு கை வச்சு, பாட்டாக்கிட்டாங்க. அந்த ஆல்பத்துக்கு மூணு கிராமி விருது. வீடியோவை இயக்கினவர் ஜலந்தர்ல பிறந்த தர்செம் சிங். அதுக்கு ஒரு கைதட்டல் கொடுங்க, நம்ம நாட்டுப் பிள்ளை!

இப்ப பங்குக்கு வர்றேன். நாலு பேரும் சேர்ந்து இருந்த வரைக்கும் அவங்க உருவாக்கின பாட்டுக்கெல்லாம் எழுதினவர் பேரு எப்படிப் போடுவாங்க தெரியுமா? பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். யாரு எழுதினாலும் நாலு பேரும். ஆங்கில அகரவரிசை. அதனால முதல் பேரு யாரு? தம்பி காபித்தட்டைக் கையில கொடுத்தாரே, அவரு! யாரு எவ்வளவு எழுதினாங்கன்னு கணக்கு பார்க்க ஆரம்பிச்சா எத்தனை குழு உடைஞ்சிருக்குன்னு இசை உலகத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும். முடிவெடுக்கிறதும் அப்படித்தான். நாலுல ஒருத்தர் வேண்டாம்னா, அது வேண்டாம்.

"பேரு போட்டா போதுமா, தட்டினதைத் தவிர என்ன செஞ்சாரு?" தம்பி தலையாட்டறாரு, இதைத்தான் கேட்கப் போறாரு. கேளுங்க.

ஏதென்ஸ்ல வீவர் டி-ன்னு ஒரு சாப்பாட்டுக் கடை. நம்ம ஊரு மெஸ்னு வச்சுக்கோங்க. வறுத்த கோழிக்குப் பேர்போன இடம். "மக்களுக்காக, தானா வரும்"ங்கிற மாதிரி ஒரு வாசகத்தைக் கடைக்காரர் பலகையில எழுதி வச்சிருந்தாரு. இவங்க போய் முறையா அனுமதி கேட்டு, அந்த வாசகத்தையே 1992-ல ஆல்பத்துக்குப் பேரா வச்சாங்க. கோடி கோடியாச் சம்பாதிச்சப்புறமும் ஊர் மெஸ்ஸை மறக்கல. அந்த ஆல்பத்துல ஒரு பாட்டு, எவ்ரிபடி ஹர்ட்ஸ். எல்லாருக்கும்தான் வலிக்குது, விட்டுடாதே, பிடிச்சுக்கோன்னு சொல்ற பாட்டு. பிரிட்டன்ல மனசு ஒடிஞ்சவங்களுக்குத் தொலைபேசியில ஆறுதல் சொல்ற சமாரிட்டன்ஸ் அமைப்பு, இளைஞர்கள் தற்கொலை பண்ணிக்கக் கூடாதுன்னு 1995-ல செஞ்ச பிரசாரத்துக்கு இந்தப் பாட்டைத்தான் எடுத்துக்கிச்சு. 2010-ல ஹைத்தி பூகம்பத்துக்கு நிதி திரட்டப் பல பாடகர்கள் கூடிப் பாடினதும் இதே பாட்டு.

இந்தப் பாட்டைப் பெரும்பாலும் எழுதினது யாரு? ஸ்டைப்பா? இல்ல. மாண்டலின்காரரா? இல்ல. ட்ரம்ஸ்காரர் பில் பெர்ரி!

இன்னும் கேளுங்க. அந்தப் பாட்டுல முக்கியமாத் தாளம் போடறது பெர்ரி இல்ல, தாள மெஷின். ட்ரம்ஸ்காரர் எழுதின பாட்டுல ட்ரம்ஸ்காரரே ஓரமா நிக்கிறாரு. "என் வேலையை மெஷினுக்குக் கொடுத்துட்டீங்களே"ன்னு யாராவது கோவிச்சுக்கிட்டாங்களா? பாட்டுக்கு அதுதான் நல்லா இருக்குன்னா அதுதான்.

தட்டறவங்களை லேசா நினைக்கிறீங்களே, உங்க கல்யாணத்துல தாலி கட்டற நிமிஷத்தைச் சொன்னது யாரு தம்பி? ஐயரா, நாதஸ்வரமா? "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு ஒரு குரல் வந்ததும் தவில்காரர் ஓங்கித் தட்டினாரே, அதுக்கப்புறம்தானே முடிச்சு விழுந்துச்சு? அன்னைக்கு அவரு தட்டலேன்னா தம்பி இன்னைக்கும் பேச்சிலர்! தம்பி வீட்டம்மா அங்க உட்கார்ந்து தலையில அடிச்சுக்கிறாங்க. அதுவும் தாளம்தான்மா.

சிரிச்சாச்சு. இனிமே சொல்றது சிரிக்க முடியாதது.

1995 மார்ச் 1. ஸ்விட்சர்லாந்துல லொசான் நகரம். நிகழ்ச்சி நடக்குது. நடுவுல பெர்ரிக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி. மேடையிலேயே முடியாமப் போச்சு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருந்துச்சு. அன்னைக்கு மிச்ச நேரத்தை இன்னொரு குழுவோட ட்ரம்ஸ்காரரை உட்கார வச்சு ஒப்பேத்தினாங்க. மறுநாள்? வெறும் தட்டறவர்தானே, வேற ஒருத்தரைப் பிடிச்சு ஓட்டியிருக்கலாமே? டிக்கெட் வித்தாச்சு, அரங்கமெல்லாம் பேசியாச்சு. மொத்தத்தையும் நிறுத்தினாங்க. அவருக்கு ஆபரேஷன் ஆகி, எழுந்து, நடந்து, மே மாசம் குச்சியைக் கையில பிடிக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம் அதே சுற்றுப்பயணத்துல மில்ஸுக்கு வயித்துல ஆபரேஷன், ஸ்டைப்புக்குக் குடலிறக்க ஆபரேஷன். பக் மட்டும்தான் தப்பிச்சாரு. யாரும் யாரையும் விட்டுட்டுப் போகல.

அடுத்த வருஷம், அவங்க ஆல்பங்களை வெளியிடற வார்னர் நிறுவனத்தோட புது ஒப்பந்தம். 8 கோடி டாலர்னு பத்திரிகைகள் எழுதின ஒப்பந்தம். அதுக்கு அடுத்த வருஷம், 1997-ல பெர்ரி வந்து, என்னால முடியல, போறேன்னாரு. பணம் கொட்டற நேரம். விவசாயம் பார்க்கப் போறேன்னு ஒரு மனுஷன் எழுந்திருக்கிறான்.

அப்ப ஒரு நிபந்தனை வச்சாருங்க. பங்கு கேட்கல. பேரு கேட்கல. "நான் போறதால நீங்க குழுவைக் கலைச்சிடுவீங்கன்னா, நான் போகல"ன்னாரு.

ஐயா, அந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. உடம்பு ஒத்துழைக்கல. மனசு விட்டுப்போச்சு. வீட்டுக்குப் போகணும். ஆனா நீங்க மூணு பேரும் பிரிஞ்சிடுவீங்கன்னா, பிடிக்காத அந்த முக்காலியில இன்னும் எத்தனை வருஷம் வேணா உட்கார்ந்திருக்கேன்னு சொல்றான். நம்ம வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பாங்க இல்லையா? அண்ணன் தம்பி பிரிஞ்சிடக் கூடாதுன்னே தன் ஆசையெல்லாம் மடிச்சு வச்ச ஒரு அத்தையோ, ஒரு பெரியப்பாவோ? அவங்களுக்கு யாரு பங்கு கணக்கு பார்த்தது?

மூணு பேரும் கலையமாட்டோம்னு வாக்குக் கொடுத்து அவரை அனுப்பி வச்சாங்க. காப்பாத்தினாங்க. வாசிக்கறதுக்குக் கூலிக்கு ட்ரம்ஸ்காரங்க வந்தாங்க, போனாங்க. ஆனா நாலாவது உறுப்பினர்னு இன்னொருத்தரைச் சேர்க்கவே இல்ல. அதுக்கப்புறம் வந்த ஆல்பங்கள் பழைய மாதிரி விக்கல. அதை ஒத்துக்கிறேன், எதிரணி குறிச்சுக்கட்டும். 2011 செப்டம்பர்ல சண்டையில்லாம, கோர்ட்டு கேஸ் இல்லாம, கைகுலுக்கிக் கலைஞ்சாங்க.

2024 ஜூன்ல பாடலாசிரியர்களுக்கான கௌரவம், ஹால் ஆஃப் ஃபேம், நாலு பேருக்கும் சேர்த்துக் கிடைச்சுது. ஒரு டி.வி. பேட்டியில நாலு பேரும் வரிசையா உட்கார்ந்திருக்காங்க. நீங்க திரும்பச் சேரணும்னா என்ன நடக்கணும்னு கேட்கிறாங்க. மில்ஸ் சொல்றாரு, "வால்நட்சத்திரம் வந்து விழணும்." எல்லாருக்கும் சிரிப்பு. அப்புறம் நியூயார்க்ல அந்த விருது மேடை. வால்நட்சத்திரம் எதுவும் விழல. நாலு பேரும் ஏறினாங்க, பெர்ரியும்தான். அந்த மாண்டலின் பாட்டை, அது ஒண்ணை மட்டும், சேர்ந்து வாசிச்சுட்டு இறங்கினாங்க.

நடுவர் ஐயா, தீர்ப்பை நீங்க எப்படி வேணா சொல்லுங்க. திறமைதான்னு சொன்னாலும் நான் வருத்தப்படல. சாப்பாட்டு வரிசையில எதிரணித் தம்பி பக்கத்துலதான் நிக்கப் போறேன், மிச்சத்தை அங்க பேசிக்கிறோம். நன்றி, வணக்கம்.