எடுப்பான: ஒரு பெயரடையின் பொருளும் புழக்கமும்

(காட்சி: அறுவடைக்கு முந்தைய நெல்வயல், தொலைவில் தஞ்சைப் பெரிய கோயில் விமானம்.)

வணக்கம். மூக்கு எடுப்பாக இருக்கிறது, புடவையின் கரை எடுப்பாகத் தெரிகிறது என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்கிறோம். 'எடுப்பான' என்றால் 'அழகான' என்று பலர் பொருள் கொண்டுவிடுகிறார்கள். அப்படிக் கொள்ளும்போது இச்சொல்லின் பாதி வலிமை போய்விடுகிறது. சுற்றியுள்ளவற்றிலிருந்து மேலெழுந்து, பார்ப்பவர் கண்ணைத் தன்பால் இழுக்கும் தன்மையே இதன் பொருள்.

(காட்சி: கோயிலின் கல்வெட்டு எழுத்துகள்.)

இதன் வேர் 'எடு' என்னும் வினை. தூக்குதல், உயர்த்துதல், எழுப்புதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டில், முதலாம் இராசராசன் அக்கோயிலை 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்றே குறிப்பிடுகிறான். நாம் எழுப்புவித்த கற்கோயில் என்பது அதன் பொருள். காவிரிப் படுகையின் சமநிலத்தில், சுமார் 216 அடி உயர்ந்த அந்த விமானத்தைத் தொலைவிலிருந்து காணும் எவருக்கும், எழுப்புதல் என்ற வினையிலிருந்து எடுப்பு என்ற தோற்றப் பண்பு பிறந்த விதம் விளக்கமின்றியே புரியும். அதே விமானம் மலைகளுக்கு நடுவே நின்றிருந்தால் உயரம் குறையாது, எடுப்பு குறைந்திருக்கும்.

(காட்சி: திருபுவனம் பட்டுத்தறி.)

ஆகவே எடுப்புக்குப் பின்புலம் வேண்டும். புடவையின் பச்சை உடலில் நெய்த அரக்குக் கரையை எடுப்பான கரை என்கிறோம். உடலும் அரக்காகவே இருந்தால், அதே சரிகையும் அதே நெசவும் இருந்தும், கரை உடலோடு கலந்துவிடும். குரலுக்கும் இது பொருந்தும்: தேரோட்டக் கூட்டத்தின் இரைச்சலைக் கடந்து தெளிவாக வந்து சேர்வதே எடுப்பான குரல்.

இச்சொல் எப்போதும் பாராட்டாக வருவதில்லை என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எடுப்பான மூக்கு என்பது புகழ்ச்சி. பல் எடுப்பாக இருக்கிறது என்பதோ முன்பல் வெளியே நீண்டிருப்பதைச் சொல்வது. பொருள் இரண்டிலும் ஒன்றுதான், மேலெழுந்து தெரிதல். அது நிறையா குறையா என்பதை உடன்வரும் பெயர்ச்சொல்லே முடிவு செய்கிறது. 'துருத்திய' என்ற சொல்லுக்கு இந்த நெகிழ்வு இல்லை. அது பெரும்பாலும் குறையையே சுட்டும்.

பல்லவியை எடுப்பு என்று வழங்கும் தமிழிசை மரபில், சொல் தொடக்கத்தைக் குறிக்கிறது. வேர் ஒன்றாயினும் அது வேறு கிளை.

(காட்சி: கரும்பலகையில் இரண்டு தொடர்கள்.)

எழுதுவோர் ஓர் எல்லையை மனத்தில் கொள்ள வேண்டும். 'எடுப்பான' என்பது கண்ணுக்கும் காதுக்கும் உரிய சொல். அறிவுக்கும் திறமைக்கும் அது ஒட்டாது. தேர்வில் முதலிடம் பெற்றவரை 'எடுப்பான மாணவி' என்று எழுதினால், வாசகர் அவருடைய தோற்றத்தையே நினைப்பார். அங்கே 'தலைசிறந்த மாணவி' என்றே எழுத வேண்டும்.