முதல் வாரம் இறங்குவது தண்ணீர்

நேயர்களே, வணக்கம். டர்பனில் இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் பான்டிங்கில் இருக்கிறேன்" என்கிறார். சோறு, ரொட்டி மாதிரி மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறைக்கு அந்தப் பெயர். யார் இந்தப் பான்டிங்? வில்லியம் பான்டிங், லண்டனில் சவ அடக்கத் தொழில் செய்தவர். எடை 202 பவுண்டு. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒதுக்கி, ஒரே வருஷத்தில் 46 பவுண்டு இறக்கினார். 1863இல் அதைச் சின்னப் புத்தகமாகவும் போட்டார். கவனித்தீர்களா, ஒதுக்கியதில் வெண்ணெயும் இருக்கிறது! நாமோ அவர் பேரைச் சொல்லிக் காப்பியிலேயே வெண்ணெய் போடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியதென்றால், பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது, ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோறு நின்றால் கிளைகோஜன் தீரும், தண்ணீரும் வெளியேறும். கூடவே உப்பும் போவதால்தான் நாலாம் நாள் தலை சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை கால் ரொட்டி பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது, சாப்பிட்டால், திங்கட்கிழமை தராசு ஒரு கிலோ கூடக் காட்டும். அதுவும் தண்ணீர்தான்.

கொழுப்பு கரைவது மெதுவாக. ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. தினம் 500 குறைத்தால் பதினைந்து நாளாகும். அதைக் கெடுப்பது எண்ணெய். ஒரு கப் சோறு 200 கலோரி. அதற்குப் பதில் காலிஃபிளவரைத் துருவி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கினால், எண்ணெய் மட்டுமே 240! சோற்றை விட்டது எதற்கு? மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் 9. திரும்பவும் சொல்கிறேன்: பாட்டிலைச் சாய்க்காதீர்கள், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பாக்கெட்டில் கிலோஜூல் போட்டிருந்தால் 4.2ஆல் வகுங்கள், கலோரி கிடைக்கும்.

மாவுச்சத்தைக் குறைப்பது வீண் என்று சொல்லவில்லை. மீன், முட்டை, கோழி கூடினால் பசி அடங்கும், சாப்பாடு தானாகக் குறையும்.

பருப்பு, பீன்ஸ் பற்றியும் பேச வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் சோற்றை நிறுத்த வேண்டாம். ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். வேர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். வணக்கம்.