‘நைஸ்’ என்றால் முட்டாள்: ஒரு சொல்லின் 700 ஆண்டுப் பயணம்

[திரையில் ‘நைஸ்’ என்ற சொல் மட்டும்]

ஒருவரை ‘நைஸ்’ என்று சொன்னால் இன்று அது பாராட்டு. 1300-களில் இங்கிலாந்தில் அப்படிச் சொல்லியிருந்தால், முட்டாள் என்று திட்டியதாக அர்த்தம்.

இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘நெ’ என்றால் இல்லை. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’, அதாவது ஒன்றும் அறியாதவன். அதே ‘ஸ்கீரே’யில் பிறந்ததுதான் ‘சயின்ஸ்’ என்பதும். எனக்கு இந்த உறவு ரொம்பப் பிடிக்கும்.

[வரைபடம்: இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து]

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பொருள் மாறவில்லை. கவிஞர் சாசர் இதை ‘மடத்தனமான’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

சரி, வசவு எப்படிப் பாராட்டானது? படிப்படியாகத்தான். விவரம் தெரியாதவர் தயங்குவார், கூச்சப்படுவார். அதனால் ‘கூச்சமுள்ள’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. கூச்சம் முற்றினால் எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பு. ‘எளிதில் திருப்தியடையாத’ என்றானது. அப்படிக் குறை பார்ப்பவர் கண்ணுக்குச் சின்ன வித்தியாசம்கூடத் தப்பாது. அங்கே ‘நுட்பமான’ என்ற பொருள் பிறந்தது. மெல்லிய வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்கிறார்கள். நுட்பமானது நேர்த்தியானது, நேர்த்தியானது மனதுக்கு இனியது. 18-ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் கடைசிப் படிக்கு வந்தது. நடுவில் 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பல இடங்களில் அறிஞர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

‘சில்லி’ (silly) என்ற ஆங்கிலச் சொல் நேர் எதிர்த் திசையில் போனது. ‘அருள் பெற்ற’ என்று தொடங்கி, ‘அப்பாவி’யாகி, ‘அசட்டுத்தனமான’ என்று முடிந்தது.

[பழைய புத்தகத்தின் படம்]

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் அபே’ நாவல் 1817 கடைசியில் வெளியானது. அதில் வரும் ஹென்றி டில்னி, எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ போடுகிறார்களே என்று கேலி செய்கிறான். நேர்த்தி, நயம் இவற்றைச் சொல்லத்தான் முதலில் இந்தச் சொல் இருந்திருக்கும் என்பது அவன் நினைப்பு. முட்டாள் என்ற பழம்பொருள் அவன் பேச்சிலேயே இல்லை. அவ்வளவு தூரம் மறந்துபோயிருந்தது!

அப்புறம் அது தமிழுக்கும் வந்தது. ‘நைஸாக அரைத்த பொடி’ என்கிறோமே, அதில் இருப்பது அந்த ‘நுண்மை’. ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்று சொல்லும்போது? யாரும் அறியாமல் போய்விட்டான் என்று பொருள். லத்தீனில் தொடங்கிய அறியாமை தற்செயலாக இங்கே திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை அறியாதவர்கள் சுற்றி நிற்பவர்கள்.