வீட்டுத் திட்டம் வேறு, இழப்பீடு வேறு

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கிற அம்மா மடியில் ஒரு பொலித்தீன் பை வைத்திருக்கிறார். அதற்குள் என்ன என்று நான் கேட்கத் தேவையில்லை. காணி உறுதியின் பிரதி, குடும்ப அட்டை, கிராம அலுவலர் தந்த கடிதம், கூரையில்லாத வீட்டின் இரண்டு படம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்தது.

என் சின்னம்மா 1990இல் போர் வந்தபோது யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டு, 27 வருசம் கழித்து நாங்கள் போய்ப் பார்த்தபோது ஓடு இல்லை, நிலை இல்லை, யன்னல் கம்பிகூட இல்லை, குசினிச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆலங்கன்று நின்றது. கிணற்றுக் கட்டைத் தடவிப் பார்த்துத்தான் "இதுதான் எங்கட வளவு" என்றார். அப்புறம் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். ஓர் இடத்தில் வீட்டின் பெறுமதிக்கு ஆதாரம் கேட்டார்கள். இன்னோர் இடத்தில், வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்துவிட்டதுதானே, பிறகென்ன என்றார்கள்.

இந்த "பிறகென்ன" பற்றித்தான் நான் பேச வந்தேன். போரில் வீடிழந்தவர்களுக்கு இந்தியா தந்த வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது, கட்டக் கட்டத் தவணை தவணையாகத் தந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் அது உதவி. யாருக்கு வீடில்லையோ அவருக்குக் கொடுப்பது. இழப்பீடு என்பது இருந்ததை அழித்ததற்கான கணக்கு. ஐந்து அறையும் முன்விறாந்தையும் மாட்டுக்கொட்டிலும் இருந்த வளவுக்கு இரண்டு அறை வீட்டைக் காட்டிக் கணக்கை மூடுவது சரியில்லை.

அரசிடம் இதற்கு அமைப்பு இல்லையென்று சொல்ல முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, சேதமான சொத்துகளை அவசரகால விதியின்கீழ் அரசே பொறுப்பெடுத்தது, அடி வாங்கியவர்கள் தங்கள் சொத்தைத் திரும்பப் பெறவே மனு எழுதவேண்டி வந்தது. 1987இல் 29ஆம் இலக்கச் சட்டத்தால் வந்ததுதான் நாம் 'றெப்பியா' என்று சொல்கிற, ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்களுக்கான புனர்வாழ்வு அதிகாரசபை. 2018இல் 34ஆம் இலக்கச் சட்டம், இழப்பீட்டுக்கான அலுவலகம். சட்டம் மாறியது, பெயர்ப்பலகை மாறியது, சின்னம்மாவின் பை அப்படியே இருந்தது.

பணமும் இல்லையென்று சொல்ல முடியாது. 2022 மே 9ஆம் திகதிக் கலவரத்தில் எரிந்த வீடுகளுக்காக அரசியல்வாதிகள் 43 பேருக்கு ஏறத்தாழ 122 கோடி ரூபா கொடுபட்டதாக 2025இல் அமைச்சர் ஒருவரே சொன்னார். யாருடைய வீடு எரிந்தாலும் பிழைதான், அவர்களுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரிந்த வீட்டை மதிப்பிட்டுச் சில வருசத்துக்குள் காசு கொடுக்க இந்த அரசுக்குத் தெரியும் என்பது அதில் உறுதியாகிவிட்டது. அதே மதிப்பீட்டை, போரில் வீடுகள் அழிந்த மயிலிட்டியிலும் முள்ளிவாய்க்காலிலும் செய்யச் சொல்லித்தான் கேட்கிறோம், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் பார்த்திருக்க இரண்டு மணித்தியாலத்தில் துரத்தப்பட்ட முஸ்லிம் சனங்களின் வீடுகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ஆதாரம் என்கிறார்கள். செல்லடிக்குள் ஓடின சனம் பற்றுச்சீட்டைக் கட்டிக்கொண்டா ஓடும்? பழைய வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடப் பதிவில் விலாசம் இருக்கிறது, பக்கத்து வளவுக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார், மண்ணுக்குள் அத்திவாரம் கிடக்கிறது, நாடா பிடித்து அளந்தால் வீட்டின் அளவு வந்துவிடும். இவற்றை ஆதாரமாக எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்போம். சாட்சிகளுக்கு வயசாகிறது, போன வருசம் சின்னம்மாவின் அயலவர் ஒருவர் போய்விட்டார்.

வாசலடி மேசையில் இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள், சத்தியக்கடதாசி எழுதித் தருவார்கள், சமாதான நீதவான் ஐயாவும் வந்திருக்கிறார். அம்மா, உங்கள் பையை அங்கே கொண்டுபோங்கள். எத்தனை அறை, எந்தப் பக்கம் கிணறு, எத்தனை தென்னை, எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொல்லுங்கள்.