இரண்டு போன், ஒரு டேப்லெட், ஒரு கணக்கு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கூட்டுறவு வங்கி ஒன்றில் 31 வருடம் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவள் நான். இன்று வீட்டுச் செலவுக் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பேர் வந்து எங்கள் வாசலில் மளிகைப் பை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டிலும் இரண்டிரண்டு கிலோ துவரம்பருப்பு. ஒன்று நான் என் போனில் ஆர்டர் போட்டது. மற்றது என் கணவர் அவர் போனில் போட்டது. "ஏம்மா, நீயும் போட்டுட்டியா?" என்றார். பருப்பு போகட்டும், வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி, இந்த மாதம் எவ்வளவு செலவாயிற்று என்று பேச்சு வந்தது. நான் ஒரு தொகை சொன்னேன், அவர் ஒரு தொகை சொன்னார். நடுவில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் உதைத்தது. வங்கியில் பத்து ரூபாய் உதைத்தாலும் எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவள் நான். சொந்த வீட்டில் ஆறாயிரம் எனக்குத் தாங்கவில்லை.

சரி, பணம் எந்தெந்த வழியாகப் போகிறது என்று எண்ணிப் பார்த்தோம். என் போனில் இரண்டு யூபிஐ செயலிகள். அவர் போனில் ஒன்று. பேத்தி வந்தால் விளையாடுகிற டேப்லெட்டில் ஒரு கார்டு பதிவாகியிருக்கிறது. அவர் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு. அப்புறம் காய்கறிக்காரம்மாவுக்கும் பூவுக்கும் கொடுக்கிற ரொக்கம். இத்தனை வாசல் இருக்கிற வீட்டில் ஒரு வாசலில் மட்டும் காவல் இருந்து என்ன பயன்?

யூபிஐ 2016-இல் வந்தது. ஒரே வங்கிக் கணக்கை எத்தனை செயலியில் வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. சிக்கலும் அங்கேதான். ஒவ்வொரு செயலியும் தன் வழியாகப் போன பணத்தைத்தான் தன் பட்டியலில் காட்டும். என் போனில் இந்த மாதம் இவ்வளவு என்று பார்த்து நான் சொன்ன தொகை, இரண்டாவது செயலியை விட்டுவிட்டுச் சொன்னது. எல்லாச் செயலிகளின் வரவும் பற்றும் ஒன்றுசேர்கிற இடம் வங்கி ஸ்டேட்மென்ட். ஆனால் அதைத் திறந்தால் இன்னொரு கஷ்டம். தெருமுனை டீக்கடையின் கியூஆர் அட்டை கடைக்காரருடைய மகன் பெயரில் இருக்கும். ஸ்டேட்மென்டில் அந்தப் பையன் பெயர்தான் வரும். யார் இவர், எதற்கு நாற்பது ரூபாய் கொடுத்தோம் என்று நாம் விழிப்போம். அப்போது கைகொடுப்பது யூபிஐ-யின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். செயலியிலும் வங்கி ஸ்டேட்மென்டிலும் அதே எண் இருக்கும். பெயரில் குழப்பம் வந்தால் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

ஸ்டேட்மென்டிலும் வராத செலவு ஒன்று உண்டு. எங்கள் ஆறாயிரத்தில் பாதி அங்கேதான் இருந்தது. 2022-இல் யூபிஐ லைட் வந்தது. ரகசிய எண் போடாமல் சின்னத் தொகையைச் சட்டென்று கொடுக்கலாம். இப்போது ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம், 5,000 ரூபாய் வரை அதில் வைத்திருக்கலாம். அதில் பணம் ஏற்றும்போது வங்கிக் கணக்கில் ஒரே ஒரு வரி விழும். அதற்குப் பிறகு அந்தப் பணத்தில் வாங்கிய இளநீர், பஸ் டிக்கெட், கொத்தமல்லிக் கட்டு எதுவும் ஸ்டேட்மென்டில் வராது. அந்தப் போனில், அந்தச் செயலியில் மட்டும்தான் தெரியும். சட்டைப்பையில் போட்ட சில்லறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியதைச் செலவு என்று எழுதக் கூடாது, பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைத்தான் எழுத வேண்டும்.

கிரெடிட் கார்டில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. மிக்ஸி வாங்கிய அன்று ஒரு தடவை எழுதுகிறோம். அடுத்த மாதம் கார்டு பில் கட்டும்போது மறுபடி எழுதுகிறோம். ஒரு மிக்ஸிக்கு இரண்டு செலவு. வாங்கிய அன்றே செலவு, பில் கட்டுவது கடனைத் தீர்ப்பது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இதற்கெல்லாம் என்ன வழி என்று யோசித்தபோது எனக்கு என் அம்மாவின் மளிகை நோட்டு நினைவுக்கு வந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். கடையில் ஒரு நோட்டு, நம் கையில் ஒரு நோட்டு. சாமான் வாங்கும்போது கடைக்காரர் இரண்டிலும் எழுதுவார். நான் போனாலும் அண்ணன் போனாலும் தம்பி போனாலும் அந்த நோட்டைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார் அம்மா. ஒன்றாம் தேதி இரண்டு நோட்டையும் வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். யார் வாங்கினாலும் எழுதுகிற இடம் ஒன்று, சரிபார்க்கிற நாள் ஒன்று. இன்றைக்கு இரண்டு போனும் ஒரு டேப்லெட்டும் இருக்கிற வீட்டுக்கும் எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

எங்கள் நோட்டு இப்போது கூகுள் ஷீட் என்ற இணைய அட்டவணையில் இருக்கிறது. தேதி, தொகை, எதற்கு, யார் கொடுத்தது, எதிலிருந்து கொடுத்தது என்று ஐந்து கட்டம். முதலில் இருவரும் நேராக அதில்தான் எழுதினோம். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் எழுதினால் பிந்தி எழுதியது நிற்கும், முந்தியது போய்விடும். அப்படி ஒருநாள் மருந்துக்கடைச் செலவு காணாமல் போயிற்று. அதனால் என் மகன் ஒரு கூகுள் படிவம் செய்து, இருவர் போனிலும் முகப்பிலேயே வைத்துக் கொடுத்தான். படிவத்தில் நிரப்பி அனுப்பினால் ஒவ்வொன்றும் தனி வரியாகப் போய்ச் சேரும், ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுத வழியில்லை. தப்பாக எழுதிவிட்டால் அழிக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். வங்கி லெட்ஜரில் நாங்கள் அழித்ததே இல்லை, அடித்துச் சுருக்கொப்பம் போடுவோம். அதே போல இங்கேயும் எதிர்வரி ஒன்று, அதாவது அதே தொகையைக் கழித்தல் குறியோடு, எழுதிச் சரிசெய்கிறோம். திருப்பி அனுப்பிய புடவைக்குப் பணம் அடுத்த மாதம் வந்தாலும் அப்படித்தான்.

குறுஞ்செய்திகளைப் படித்துத் தானே கணக்கு எழுதும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் ஐபோனில் எந்தச் செயலிக்கும் நம் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கிடையாது. வீட்டில் ஒருவரிடம் ஐபோன் இருந்தால் பாதிக் கணக்குதான் வரும். சில வங்கிகள் சின்னத் தொகைக்குச் செய்தி அனுப்புவதையும் நிறுத்திவிட்டன. அதோடு, ஓடிபி வருகிற பெட்டியை இன்னொருவர் படிக்கத் திறந்துவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆட்டோபே பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாதாமாதம் தானாகப் பிடிக்கிற பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக நமக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தகவல் யார் எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்று பாருங்கள். எங்கள் டேப்லெட்டில் பேத்திக்காகப் போட்ட ஓவியச் செயலி ஒன்று பல மாதமாகப் பணம் பிடித்துக்கொண்டிருந்தது. தகவல் போனது நாங்கள் திறந்தே பார்க்காத ஒரு மின்னஞ்சலுக்கு.

இன்னும் ஒன்று, குறிப்பாக ஆண்களுக்கு. மனைவியிடம் கணக்குக் கேட்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தன் செலவைச் சொல்கிற வழக்கம் குறைவு. பொதுவான நோட்டு என்றால் இருவரும் எழுத வேண்டும். அதே சமயம் எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டால் நோட்டு வேவு பார்க்கிற கருவியாகிவிடும். எங்கள் வீட்டில் ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் கைச்செலவு. 'கைச்செலவு' என்று ஒரு வரி எழுதினால் போதும், எதற்கு என்று மற்றவர் கேட்பதில்லை. என் தங்கைக்கு வளையல் வாங்கிக் கொடுத்தால் அது என் விஷயம்.

ரகசிய எண், கார்டு எண் இவற்றை மட்டும் அந்த ஷீட்டில் எக்காரணம் கொண்டும் எழுதி வைக்காதீர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காபி குடித்த பிறகு, நானும் அவரும் ஸ்டேட்மென்டையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறோம். அவர் வாசிப்பார், நான் டிக் போடுவேன். அரைமணி நேரம் ஆகும். போன மாதம் 347 ரூபாய் உதைத்தது. இரண்டு போனிலும் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. 'தெரியவில்லை, 347' என்று ஒரு வரி எழுதி, இருவர் பெயரையும் போட்டுவிட்டு எழுந்தோம்.

வணக்கம்.